வெள்ளிக்கிழமையை வீட்டில் சொல்லவில்லை

ஆகஸ்ட்டில் புது எந்திரம் வந்தது.
ஒரு பக்கம் நூலை விழுங்கி
மறுபக்கம் முழு ஸ்வெட்டரை ஈன்றது,
கையும் கழுத்தும் கூடியபடி,
தொப்புள்கொடி போல ஒரே ஒரு நூல் தொங்க.
பத்தொன்பது வருஷம்
கழுத்தை உடம்போடு பொருத்தியவள் நான்.
அந்த நூலைக் கத்தரிப்பதுதான் இனி என் வேலை.

கியூர்பிப் மழை தகரத்தில் அடிக்க அடிக்க
மேலாளர் கத்திப் படித்தார்:
வாரத்துக்கு நாலு நாள் போதும்,
சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது.
யாரும் கை தட்டவில்லை.
தைத்த துணியில் ஊசி தங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல
அந்த வாக்கியத்தைத் தடவிப் பார்த்தோம்.

இருந்தது.
வங்கதேசத்துப் பெண்கள் பதினோரு பேருக்கு
ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.
ருக்சானா தன் கத்தரிக்கோலை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
அவளுக்கு இனி ஏழு நாளும் வெள்ளிக்கிழமை.

ராத்திரி சிவராஜனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் குரல் எனக்குள் கேட்டுவிட்டது:
அப்போ திரைச்சீலையெல்லாம் துவைச்சிடலாம்,
யோவன் ஸ்கூல் மீட்டிங்குக்கு நீயே போயிடலாம்,
அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போகலாம்,
சும்மாதானே இருக்கப் போறே.
சோற்றை ஒரு கவளம் பெரிதாக உருட்டி
வாயை அடைத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளி
வழக்கம்போல ஐந்தேகாலுக்கு எழுந்தேன்.
நீலச் சட்டை, கழுத்தில் அட்டை,
டப்பாவில் சோறும் கத்தரிக்காய்ச் சட்னியும்.
ரோஸ் பெல்லில்
சாலையின் இந்தப் பக்கம் நிற்க வேண்டியவள்
அந்தப் பக்கம் போய் நின்றேன்.
பத்து அடி.
திருட்டு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

மாயேபூர் கடற்கரையில் எட்டு மணி.
எதிரே ஒரு குட்டித் தீவு,
சிவப்புக் கூரை போட்ட ஒரே ஒரு வீட்டோடு.
பெஞ்சில் உட்கார்ந்தேன்.
எதையும் தொலைக்காமலே பைக்குள் தேடினேன்.
பத்தேகால், டீ இடைவேளை.
எனக்கு நானே அனுமதி கொடுத்து
ஒன்றுக்குப் போய்வந்தேன்.
விரல்கள்தான் பேச்சே கேட்கவில்லை,
மடியில் இல்லாத கழுத்து ஒன்றைத்
திருப்பித் திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்தன.

அடுத்த வெள்ளி அன்னாசி வாங்கித் தின்றேன்,
மிளகாயும் புளியும் தடவியது.
அதற்கடுத்த வெள்ளி பெஞ்சிலேயே தூங்கிப்போனேன்,
வாய் பிளந்து, எச்சில் வழிய.
மீன்காரர் ஒருவர் செருப்பைத் தட்டி எழுப்பி
பஸ் போயிடும் என்றார்.

பிறகொரு வெள்ளி, படகு கட்டுமிடத்தில்
இன்னொரு நீலச் சட்டை.
பொத்தான் பிரிவு மரி-கிளோத்.
அவள் முகத்தைத் திருப்பினாள், நானும் திருப்பினேன்.
அப்புறம் இருவருக்கும் வயிறு நோகச் சிரிப்பு.
உன் வீட்டில் தெரியுமா?
ஓவர்டைம்னு சொல்லியிருக்கேன்.

அவள்தான் என்னைப் புளூ பேக்குக் கூட்டிப்போனாள்.
தீவில் பிறந்து நாற்பத்துமூன்று வருஷம்,
முழங்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதில்லை.
சட்டையோடு மல்லாக்கப் போட்டு
முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்தாள்.
ஒண்ணும் செய்யாதே, ஒண்ணும் செய்யாதே என்றாள்.
நான் ஏதோ செய்தேன். மூழ்கினேன்.
மூக்கெல்லாம் உப்பு.
இன்றுவரை சரியாக வரவில்லை.

நேற்று, ஈரம் சொட்ட மணலில் இருக்கையில்
போன் அடித்தது. ருக்சானா, குமிலாவிலிருந்து.
இங்கே கற்ற அரைகுறைக் கிரியோலில்
எங்கே இருக்கே என்று கேட்டாள்.
வேலையில் என்றேன்.
அது என்ன சத்தம், இவ்வளவு பெரிசா?

எழுந்து ஒருமுறை கடலைப் பார்த்தேன்.
புது எந்திரம் என்றேன்.