ஆறின் வால்

மத்தியானம் மூன்று மணி, முனீசுவரன் கோவில் தெரு.
எனாமல் தூக்குகள் மேல் வெயில் ஏறிக் கிடக்க,
பள்ளத்தூர் வண்டி கண்டக்டர் உடையப்பன்
தோல்பையின் உள்ளறையிலிருந்து
டிக்கெட் தாளில் மடித்ததை எடுத்து வைத்தார்.

கால் அணா.
ஒருபக்கம் ராணி, இடம் பார்த்தபடி.
மறுபக்கமும் அவளே,
குழியாய், வலம் பார்த்தபடி.

"அக்கசாலையிலயே விழுந்த பிழையாம். நாலாயிரம் குடுத்தேன்.
மகளுக்கு காலேஜ் கட்டணும். என்ன போகும்?"

லென்ஸை எடுத்தேன். தேவையே இருக்கவில்லை.

பிழைக்கு ஒரு நடத்தை உண்டு.
அச்சு விரிசல் விட்டால் காசில் மேடு எழும்,
ஆணி கீறினால் பள்ளம்தான்.
தகடே ஓரம் குறைந்து வந்திருந்தால்
எதிர் விளிம்பும் மெலிந்து காட்டிக்கொடுக்கும்;
கத்தரி வெட்டினால்
எதிர்ப்பக்கத்துக்குச் சேதியே போகாது.
அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு
அடுத்த தகட்டில் தன் முகத்தைப் புதைத்தாலும்
இந்தப்பக்க ராணிக்கு ஒரு முடி கலையாது.

இவளுக்குக் கூந்தல் நசுங்கியிருந்தது.
ஆறரை கிராம் இருக்க வேண்டியது ஐந்தே முக்கால்.
குழிந்த தாடைக்குக் கீழே
அரம் தின்னாமல் விட்ட
ஆறின் வால்.

அந்த வாலை எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷத்துக்கு முந்தின ஆடி,
மூன்று நாளாய் போணி இல்லை.
தேதியை ராவி, இரண்டு காசை முகம் சேர்த்து,
வெளியே தோல் துண்டு கொடுத்து,
வைஸின் கைப்பிடியில் இரும்புக் குழாய் மாட்டி
முழு உடம்பையும் போட்டு முறுக்கினேன்.
இருநூற்றைம்பதுக்குப் போனது.
வாங்கினவர் பேர் கேட்கவில்லை.

"சேதம்," என்றேன். "பின்னாடி யாரோ பண்ணினது."

உடையப்பன் காசைக் கையில் வாங்கினார்.
இருபத்தாறு வருஷம்
இருட்டில், நெரிசலில் சில்லறை பிரித்த விரல்
விளிம்பைச் சுற்றி ஓடி
தோல் நழுவிய இடத்தில் நின்றது.
"இங்க ரெண்டு பல்லு பட்டிருக்கு."

நிமிர்ந்து கடைக்குள் பார்த்தார்.
பர்மாப் பெட்டிகளையும் சாவிக்கொத்துகளையும் தாண்டி
சுவரோரம் அந்த வைஸ்,
வாயைத் திறந்தபடி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"எவ்வளவுக்கு வித்தீங்க?"
சொன்னேன்.
"அதக் குடுங்க போதும். மிச்சம் நான் ஏமாந்தது."

நாலாயிரத்தை எடுத்து வைத்தேன்.
அதிலிருந்து எண்ணி,
ஐம்பதுக்குச் சில்லறையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பள்ளத்தூர் வண்டியின் விசில் கேட்கிறது.
கல்லா மேல் காசு.
எப்படிப் புரட்டிப் போட்டாலும்
அவள் முகம்தான் மேலே.