தொண்ணூற்றிரண்டு கிலோ

பதினேழாம் படுக்கைக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ.
கேஸ் ஷீட்டில் எழுதியவள் நான்தான்.
எழுதும்போது அது எண்.
ராத்திரி இரண்டரைக்கு
கால்மாட்டுக்குச் சறுக்கிக் கிடந்தவரை
தலைமாட்டுக்கு ஏற்றும்போதுதான் எடை.

போன ஆடியில் பூங்கோதை
இப்படித்தான் ஒருவரைத் தனியாய்ப் புரட்டினாள்.
டக்கென்று கேட்டதாம். கட்டில் என்று நினைத்தாளாம்.
இப்போது கீழே ஓ.பி. சீட்டு எழுதுகிறாள்.
பேனா விழுந்தால்
யாராவது வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சேலம் பெரியாஸ்பத்திரியில்
எங்கள் முதுகைப் பற்றி வார்டில் பேசுவதில்லை.
உடை மாற்றும் அறையில்
எல் நாலு, எல் அஞ்சு என்று
பஸ் நம்பர் மாதிரிச் சொல்லிக்கொள்வோம்.

தூக்கும் எந்திரம் ஒன்று ஸ்டோரில் இருக்கிறது,
யாரோ கொடுத்தது, பாலிதீன் பிரிக்காமல்.
ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம்.
சாவி பகல் ஷிஃப்டோடு வீட்டுக்குப் போய்விடும்.

மாதேஸ்வரனுக்குத் தொடை எலும்பு முறிவு.
தூக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு
என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.
அவர் மனைவி செல்லாயி
மூன்று ராத்திரி பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"எங்க சேகோ மில்லுல அம்பது கிலோ மூட்டைக்கே
ரெண்டு பேரு புடிப்பாங்க சிஸ்டர்.
நீங்க ஏன் ஒத்தையா?"

பதிலுக்கு நான் பி.பி. பார்த்தேன்.

மறுநாள் பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்து
பையில் சுருட்டிக்கொண்டு வந்தாள்:
ஜவ்வரிசி மூட்டைக்குள் போடும் வழவழ உறை,
இரண்டைப் பிரித்து, சோப்புப் போட்டு அலசி, ஓரம் தைத்து.
விரிப்புக்கு அடியில் நுழைத்தோம்.
கைப்பிடி முனக முனகச் சுற்றி
கட்டிலை என் இடுப்புக்கு உயர்த்தினேன்.
அந்தப் பக்கம் ஆயா ரெபேக்கா.
முழங்கால் மடக்கி,
பின்காலின் பாரத்தை முன்காலுக்குத் தள்ளி,
ஒண்ணு, ரெண்டு…
மூணு சொன்னது மாதேஸ்வரன்.

யாரும் யாரையும் தூக்கவில்லை.
அவர் நகர்ந்தார்,
சோப்புத் தண்ணீர்த் தரையில் மரப்பெட்டி போல.
கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

உறை ஒன்று. கட்டில் நாற்பத்திரண்டு.

பதினெட்டாம் படுக்கை கூப்பிட்டது.
ரெபேக்கா டீக்குப் போயிருந்தாள்.
கை தானாகவே அவர் அக்குளுக்குள் போனது.
எடுத்துவிட்டேன்.
"கொஞ்சம் இருங்க, ஆள் வரட்டும்."

ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒரு லாரியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு நின்று, கியர் மாற்றி
ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு வருட வேலையில்
அந்த நாலு நிமிஷம்தான் நீளம்.