ஒரு சொட்டும் படாமல்

செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி வரும் என்பது பெத்தோர்காவில் பேச்சு.
வெள்ளி வரும்.
செவ்வாய், வந்தால் வரும்.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு
வாசலில் நிற்பாள் ஹெர்மினியா.
நிஜமாகவே எண்ணெய்தான்.
இமையோரம், விரலிடுக்கு, முழங்கை முடிச்சு
எங்கும் மங்கலாய் ஒரு பச்சை மினுங்கும்.

மலைச்சரிவு முழுக்க வெண்ணெய்ப்பழத் தோட்டம்.
வரிசை வரிசையாய், சீப்பால் வாரியதுபோல்.
கீழே ஆறு இருந்த இடத்தில்
பையன்கள் பந்து விளையாடுகிறார்கள்.
கோல் கம்பத்துக்கு இரண்டு கூழாங்கல்,
கூழாங்கல்லுக்குக் குறைவே இல்லை.
எங்கள் கிணறு ஏன் வற்றியது என்று கேட்கப் போனவர்களுக்கு
கம்பெனி ஒரு கட்டுக் காகிதம் காட்டியது.
இதைத் தண்ணி காட்டுவது என்போம் நம் மொழியில்.
அங்கே அந்தச் சொல்லுக்கும் வழியில்லை.

வேலிக்கு வெளியே விழுந்ததை அவள் பொறுக்குவாள்.
கன்றியது, வண்டு துளைத்தது, ஏற்றுமதி அளவுக்கு எட்டாதது.
கூழைத் தகரத்தில் மெல்லப் பூசி
வெயிலில் வைத்தால் மூன்று நாளில் கறுக்கும்.
பழைய தலையணை உறையில் போட்டு முறுக்கு.
முறுக்கு, இன்னும்.
இருபது பழத்துக்கு அரைக் கோப்பை.

அதில் காலெண்டுலா இதழ்.
காய்ந்ததா என்று காதருகே நொறுக்கிக் கேட்பாள்,
ஈரம் இருந்தால் சத்தம் வராது.
ஒரு சொட்டு நீர் போதும்,
நான்காம் வாரம் ஜாடிக்குள் சாம்பல் மீசை முளைத்துவிடும்.
குளிக்க, சமைக்க, கோழிக்கு, கழிப்பறைக்கு,
எல்லாவற்றுக்கும் தண்ணீர் கேட்கும் அந்த வீட்டில்
தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன ஒரே பொருள் இந்தக் களிம்புதான்.
அதனாலேயே பிடித்துப்போனதாம்.

தேன்மெழுகு உருக்கும்போது மட்டும்
வெளிப் பாத்திரத்தில் ஒரு விரற்கடை நீர்.
அதுவும் உருளைக்கிழங்கு வெந்த நீர்,
பிறகு தக்காளிச் செடிக்குப் போகும்.

முதல் டப்பி லாரிக்காரன் யெர்கோவுக்கு.
குளோரின் நீரும் குழாய் இரும்பும் அவன் உள்ளங்கையைக்
கொத்திப் போட்டிருந்தன.
பூசிக்கொண்டவன் வால்வைத் திருகப் போனான். வழுக்கியது.
சிரித்துச் சிரித்து
அன்று ஐந்து நிமிடம் அதிகமாக ஓடவிட்டான்.

ஒரு ராத்திரி அனிபால் வந்தார்,
தோட்டத்து மேற்பார்வையாளர், வேலிக்குப் பூட்டுப் போட்டவர்.
தொப்பி கையில்.
குழந்தைக்கு முழங்கால் மடிப்பில் சொறி, தூங்குவதில்லை.
ரத்தம் வருகிறதா என்றாள்.
இல்லை.
வந்தால் இதைத் தொடாதே, டாக்டரிடம் போ.
முதலில் மணிக்கட்டில் ஒரு புள்ளி வை,
விடியும்வரை பார்.
இதில் என்ன சேர்க்கிறாய் என்றார்.
உங்கள் தோட்டம், என்றாள்.

அவர் நீட்டிய நோட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாள்.
ஒரு பெசோ கூடுதலாக வாங்கவில்லை,
ஒன்றும் குறைக்கவுமில்லை.

மூன்று வாரம் கழித்து
காலி ஜாடி வாசலில் இருந்தது.
எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடி
லேசில் போகாது என்பது அவளுக்குத் தெரியும்.
அவள் தன் ஜாடிகளைச் செய்தித்தாளால் துடைத்து
மிச்சத்தைக் குதிகாலில் தேய்த்துக்கொள்வாள்.
இதுவோ பளபளத்தது.
வெந்நீரில், சோப்பில், மறுபடி நீரில்,
யாரோ அவசரமில்லாமல் கழுவியிருக்கிறார்கள்.
மூடி இறுக்கமாக.

திறந்தாள்.
அடியில் ஒரு சொட்டு.

வெயிலில் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை.
செவ்வாய்க்கிழமை.
தெருமுனையில் லாரிச் சத்தம் இல்லை.
ஜாடியைச் சாய்த்துச் சாய்த்து
அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.