பதினொரு மில்லி செக்கன்

பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடிக் கடையில்,
பஸ்லான் புதியதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான்.
"விசிறியே இல்ல மிஸ். மூச்சு விடுற சத்தமும் வராது.
கரண்ட் பில்லும் பாதி."
விலையை மட்டும் கல்குலேட்டரில் அடித்துத் திருப்பினான்,
வாயால் சொல்லக் கூச்சப்பட்டவன் போல.

வெள்ளவத்தையில், என் மேசைக்குக் கீழே,
பழையது கிடக்கிறது. பதினாறு கிலோ.
பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டேன்.
வாய் பிளந்து தூங்குகிற ஆள்மாதிரி இருக்கும்.
அதன் விசிறி முனகுவது
சுருதிப்பெட்டிக்குக் கால் சுருதி கீழே.
குரல் பதியும்போது மேலே போர்வை போர்த்துவேன்.
சரணம் முடிவதற்குள் சூடேறிவிடும்.
போதாததற்குக் கடற்கரைப் பாதையில் ரயில்.
அது போகட்டும் என்று நின்று
மறுபடி முதல் வரி.

சில்லு மாறினால் என் பழைய ப்ளகின்கள்?
"உள்ளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் மிஸ்.
பழைய கட்டளையைப் புதுச் சில்லுக்கு
விளங்குற மாதிரிச் சொல்லுவார்.
உங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

எனக்குத் தெரியும்.
விளம்பரக் கம்பனிக் கூட்டங்களில்
சிங்களப் பகிடிக்கு நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரிக்கிறேன்,
முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தும்.
சொல் தெரியும். பொருள் தெரியும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு.
நான் ஏறி வருவதற்குள்
மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துவிடுவார்கள்.
யாரும் கவனிப்பதில்லை.
மெட்ரோனோம் கவனிக்கும்.

கடையிலேயே அளந்தேன்.
புதியதற்கென்றே எழுதிய மென்பொருள்: நாலு மில்லி செக்கன்.
மொழிபெயர்ப்பாளர் திணறாமல் ஓட: பதினொன்று.
ஒரு இமைப்பில் பத்தில் ஒன்றுகூட இல்லை.
ஆனாலும் ஹெட்ஃபோன் போட்ட மிருதங்கக்காரன்
தன் கையைத் தானே துரத்துவான்.

என் எதிரொலியின் கதை வேறு.
அதை எழுதியவர் ஒரேயொரு ஆள்,
எங்கோ குளிர் நாட்டில், இப்போது தேனீ வளர்க்கிறாராம்.
முப்பத்திரண்டு பிட்.
மொழிபெயர்ப்பாளர் கையை விரித்துவிட்டார்,
அந்தப் பாஷை தனக்கு வராது என்று.

வாங்கினேன். ஆறு தவணை.

பிறகு நாலு இரவு வார்ப்பு வேலை.
ஒவ்வொரு தடத்தையும் அதன் எதிரொலியோடு சேர்த்து
வெறும் அலையாக எடுக்க வேண்டும்.
வார்த்தபின் எந்த மெஷினிலும் திறக்கும்.
வார்த்தபின் ஒரு குமிழையும் திருப்ப முடியாது.
காய்ந்த வடகத்திலிருந்து யார் வெங்காயத்தைப் பிரித்தெடுப்பது?

பிஸ்கட் விளம்பரம் இருபத்திரண்டு.
கல்யாண வீடியோக்கள்.
கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குச் செய்த நத்தார்ப் பாட்டுகள்.
ஒன்றும் வலிக்கவில்லை.
இரண்டாம் இரவு கரண்ட் போய், யூபிஎஸ் கத்தி,
ஒரு தேர்தல் பாட்டு பாதியில் செத்தது.
நான் எழுப்பவில்லை.

கடைசியில் அனோஜினியின் பாட்டு.
ஒன்பது வருஷமாய் முடியாதது.
இரண்டாம் சரணத்தில் எதிரொலி குறைய வேண்டும் அவளுக்கு.
எனக்குக் கூட வேண்டும்.
பிராம்ப்டனில் பனி தள்ளிக்கொண்டே குரல்செய்தி அனுப்புகிறாள்:
"இன்னும் கிணத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரித்தான் இருக்கு.
குறையடி."
இரண்டு புள்ளி குறைப்பேன்.
அடுத்த கிழமை ஒன்றைக் கூட்டிவிடுவேன்.

வார்த்தால் நான் சொன்னதுதான் சட்டம்.
விடியப்புறம் மூன்று மணி. அம்புக்குறி அந்தப் பொத்தான்மேல்.
கையை எடுத்துவிட்டேன்.

இப்போது புதியது மேசைமேல்.
உயிரோடு இருக்கிறதா என்று
தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.
பழையது கீழே, ஒரு பாட்டுக்காக,
சனிக்கிழமைகளில் மட்டும்.
முனகல் நிதானத்துக்கு வர நாலு நிமிடம்,
அதற்குள் தேத்தண்ணி ஊற்றிவிடலாம்.

"குறைச்சியா?" என்று வந்திருக்கிறது.
குறைச்சிட்டன் என்று எழுதினேன்.
இன்னும் குறைக்கவில்லை.