ஏவி இரண்டு

பச்சைக் கோடு அறுபதைத் தொட்டுவிட்டது.
அதற்குமேல் இடமில்லை.
திரையில் ராங்கோ வாயசைக்கிறான்,
மூடிய கதவுக்கு அப்பால்
யாரோ பல் துலக்குகிற மாதிரி
ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

ஆன்டெனாவுக்கு மாற்றினால்
பதினெட்டிலேயே செய்திக்காரி
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.
இரண்டாம் ஏவியில்தான்
இந்த மௌன விரதம்.

ஜூன் மாதத்து புந்தா அரேனாஸ்.
ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.
ஜலசந்திக் காற்று தகரக் கூரையை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறது.
நிபால்டோ சால்மன் பண்ணைக்குப் போய்
பதினோரு நாள்,
வர இன்னும் மூன்று நாள்.
அதுவரை இந்தப் பெட்டிக்கு
நானே மருத்துவச்சி.

ராங்கோ என் அண்ணன்.
தொண்ணூற்றெட்டில், போர்வெனீர் கரையில் நின்று
கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறான்.
என்ன சொன்னாய் என்று போனில் கேட்டேன்.
"எனக்கெங்கே ஞாபகம், டேப்பைப் போட்டுப் பாரேன்" என்கிறான்.

ஓட ஓடத் தேயும் டேப்.
அவனை வெளியே எடுத்துவைத்துவிட்டு
பக்கத்து வீட்டு இஸ்மேனியாவின்
உடற்பயிற்சி கேசட்டைச் சோதனைக்குப் போட்டேன்.

பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தேன்,
இரண்டு ஆள் எடை.
பின்பக்கம் தூசி, ஒரு பெசோ,
நாய் தொலைத்த ரப்பர் எலும்பு.
பாதி செருகியிருந்த வெள்ளை பிளக்கை
அடிவரை தள்ளினேன்.
கொஞ்சம் கனைத்தது, பிறகு அதுவும் இல்லை.
ஸ்பிரிட் கிடைக்கவில்லை,
பஞ்சில் என் சென்டைத் தொட்டுத் துடைத்தேன்.
பச்சையாய்ப் பாசி போல் வந்தது.
இன்று முழுக்க இந்த டிவியிடம்
மல்லிகை வாசம்.
சிவப்பை வெள்ளையில், வெள்ளையைச் சிவப்பில்.
மஞ்சளை மட்டும் தொடவில்லை,
அதுதான் ராங்கோவின் முகம்.

கடைசியில் மூன்று பிளக்கையும்
ஏவி ஒன்றுக்கு மாற்றினேன்.
"மூச்சை இழு, விடு, இடுப்பை வளை!"
பதினெட்டிலேயே கூடம் அதிர்ந்தது.
ஆக, கேபிள் நிரபராதி.
வீடியோ பெட்டியும் நிரபராதி.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே சங்கும் சரி, ஊதுகிறவளும் சரி,
இரண்டு காதில் ஒன்று மட்டும்
கேட்க மறுக்கிறது.

அப்படியே ஒன்றிலேயே
ராங்கோவைப் போட்டிருக்கலாம்.
போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

சுங்கமில்லாச் சந்தையில் வாங்கிய பிரேசில் பெட்டி.
மெனுவெல்லாம் போர்த்துகீசியம்,
எங்கள் ஸ்பானிஷுக்கு ஒன்றுவிட்ட தங்கை,
பாதி புரியும், மீதிக்கு முறைத்துக்கொள்ளும்.
மூன்றாம் பக்கத்தின் அடியில் கண்டேன்:
ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி ஒலியளவு.
ஏவி ஒன்று, பூஜ்யம்.
ஏவி இரண்டு, கழித்தல் ஆறு.

தானாக இறங்காது ஓர் எண்.
ஷிப்டு முடிந்து வருகிற வாரங்களில்
தூக்கம் வராமல் நிபால்டோ
இருட்டில் குத்துச்சண்டை விளையாடுவது
இரண்டாம் ஏவியில்.
எட்டு வருஷமாய்
அவன் சத்தமில்லாமல் அடிவாங்கியிருக்கிறான்.
என் தூக்கத்துக்கு அவன் போர்த்திய போர்வை,
அல்லது, நான் எழுந்துவந்து
"என்னடா ஆச்சு" என்று கேட்காமலிருக்க.

ராங்கோவைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.
கை பழக்கத்தில் அறுபதுக்குப் போயிருந்தது.
ஆறைப் பூஜ்யமாக்கினேன்.

காற்று.
கூடம் முழுக்கக் காற்று.
நாய் மேசைக்கடியில் போய்விட்டது,
இஸ்மேனியா சுவரில் தட்டுகிறாள்,
வெளியே அடிப்பதும் உள்ளே அடிப்பதும்
ஒரே ஜலசந்தி, இருபத்தைந்து வருஷ இடைவெளியில்.
ராங்கோ வாயசைத்துக்கொண்டே இருக்கிறான்.
முடியும்போது மட்டும்,
கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து
ஒரு பெண் குரல், துல்லியமாய்:
"சீக்கிரம் சொல்லு, பேட்டரி போகுது."
என் குரல்.

பெட்டியைச் சுவரோடு சேர்த்தேன்.
மெனுவுக்குள் போய்
மறுபடியும் கழித்தல் ஆறு வைத்தேன்.
பிறகு ஒன்றே ஒன்று ஏற்றி
ஐந்தில் விட்டேன்.
வியாழக்கிழமை வருகிறான்,
கண்டுபிடிக்கிறானா பார்ப்போம்.