பூப்பக்கம்

கென்ட் நகரத்துக் கால்வாய் உறைந்து கிடந்த வாரத்தில்
பட்டறைக்கு வந்து சேர்ந்தன முந்நூறு முகங்கள்.
வெண்கலம். உள்ளங்கை அகலம்.
அச்சிலிருந்து இறங்கும்போது பச்சைக் குழந்தையின் நிறம்;
மயில்துத்தக் கரைசலில் கொதிக்கவைத்து
பன்றிமுடித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து
நூறு வயதுப் பழுப்பை ஏற்றுவது என் வேலை.
நாளுக்கு நாற்பது. கூலி ஒன்றரை பிராங்க்.

ஓவியர் சேவரின் ஹெப்பெலிங்க்
இறந்து ஓராண்டு. நகரசபை தீர்மானம் போட்டு
வலப்பக்க முகத்தைப் பொறிக்கச் சொல்லிவிட்டது.
இடது காதுமடலில் ஒரு மரு உண்டு.
நான் அறிவேன். வெண்கலம் அறியாது.

பதினோரு நாள் அவர் மாடியில் நின்றிருக்கிறேன்,
கணப்பு அணைந்த ஒரு பிப்ரவரியில்,
தோளில் கிழிந்த திரைச்சீலையோடு,
புனித அகத்தாவாக.
அகத்தாவுக்கு மயிர்க்கூச்செறியக் கூடாது என்றார்.
நாளுக்கு ஒரு பிராங்க் என்று பேச்சு.
படம் ஆன்ட்வெர்ப்புக்கு விலைபோனது.
பணம் கேட்கப் போனபோதெல்லாம்
சூப் கொடுத்தார், இருமினார்;
முகதாட்சண்யத்தில் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த முகத்துக்குத்தான்
முந்நூறு முறை கறுப்பேற்றுகிறேன்.

மறுபக்கத்துக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது.
ஓவியக்கலை என்று பெயராம் அவளுக்கு,
கையில் பூத்த லாரல் கொத்து.
செதுக்குபவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு
"கொலெட்டா, கழுத்தைக் கொஞ்சம் திருப்பு" என்றார்.
அரைமணி நேரம். அதற்குத் தனிக்கூலி இல்லை.
அவர் தலையைச் சுற்றிப் பெயர், பிறப்பு, இறப்பு, பட்டங்கள்.
என் காலடியில் செதுக்கியவர் கையெழுத்து.

சாப்பாட்டு வேளையில்
நானும் மெருகு போடும் யோசினாவும்
பூவா தலையா என்று சுண்டிப் பார்த்தோம்.
தலை அவர். பூ நான்.
தலை விழுந்தால் என் மூக்கு மேசையில் அழுந்தும்.
பூ விழுந்தால் அவர் மரத்தூளை முகர்வார்.
ஒரே தகட்டில் முதுகோடு முதுகாக இருந்துகொண்டு
பாக்கியை எப்படிக் கேட்பது?

கணக்கில் வராத ஒன்று இருந்தது,
அச்சு வழுக்கி விளிம்பு பிசகியது.
உருக்கப் போக வேண்டியதை
உள்பாவாடை மடிப்பில் போட்டுக்கொண்டேன்.
அடகுக்கடைக்காரன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
"யார் இது?"
ஹெப்பெலிங்க் என்றேன்.
"அது தெரிகிறது, எழுதியிருக்கிறதே.
நான் கேட்டது இந்தப் பக்கம்."

தெரியாது என்றேன்.
என் கழுத்தை அவன் கவனிக்கவில்லை,
குளிருக்குச் சால்வை சுற்றியிருந்தேன்.

தராசில் வைத்தான். வெறும் வெண்கல எடைக்கு
ஒரு பிராங்க் இருபது.
பாலத்தில் நின்று விரல்விட்டு எண்ணினேன்:
இன்னும் ஒன்பது எண்பது
தரவேண்டும் அவர்.