இருக்கலாம்

இரவு மூன்று மணி.
ஊலு மருத்துவமனை, மூன்றாம் மாடி.
கண்ணாடிக்குப் பின்னால் சாக்லேட்டுகள்
முகத்தை மட்டும் காட்டி நிற்கின்றன.
முதுகைப் படிக்க
முதலில் காசு போட வேண்டும்.

சிர்க்கு போடுகிறாள், இரண்டு யூரோ.
விழுந்ததைத் திருப்புகிறாள்.
பார்லி மால்ட், தடித்த எழுத்தில்.
சரி, நேர்மையான எதிரி.

அடுத்ததில் கோதுமை இல்லை, பார்லி இல்லை;
கடைசி வரியில், கண்ணைச் சுருக்கினால் தெரிகிற அளவில்,
‘கோதுமைத் துகள் இருக்கலாம்.’
இருக்கலாம்.
போன மார்ச்சில் அந்தச் சொல்லை நம்பித் தின்றவள்
இரண்டு நாள்
குளியலறைத் தரையில் கன்னம் வைத்துக் கிடந்தாள்.

ஒன்பதாம் அறையில் மணி.
போய்த் தலையணையைச் சரிசெய்துவிட்டு வருகிறாள்.

நீல உறை. பத்து வருடப் பழக்கம்.
இருந்தும் திருப்பினாள்:
‘புதிய செய்முறை, இன்னும் மொறுமொறுப்பாக.’
மொறுமொறுப்புக்கு என்ன சேர்த்தார்கள் என்று
படிக்காமலே தெரிந்தது. படித்தாள்.

தரை துடைக்கும் ஆர்மஸின் வாளிப் பக்கம்
மூன்றையும் வைத்தாள்.
“என்ன விசேஷம்?”
“உன் வயிறுதான்.”

அவன் சிரித்து, கையுறையைக் கழற்றி,
நீல உறையைப் பல்லால் கிழித்தான்,
ஒரு எழுத்தும் பார்க்காமல்.
சிர்க்கு அதைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.